மோட்டார்ஹோமுக்குப் பின்னால் சின்னக் காரைக் கட்டி இழுக்க, நியூட்ரலில் போட்டால் போதுமா?

கேள்வி இதுதான். ஓய்வுபெற்ற ஒரு தம்பதி அமெரிக்காவைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்க்க 31 அடி நீள மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ஃபோர்டு ஈ-450 சேசிஸ் (எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டம்) மேல் கட்டிய கிளாஸ் சி வண்டி, அதாவது வேன் முகப்பு கொண்ட வகை. வீட்டில் ஏற்கெனவே சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வைத்த சின்னக் கார் ஒன்று நிற்கிறது. "வண்டியின் ஹிட்ச் (பின்னால் மாட்டி இழுப்பதற்கான இரும்புக் கொக்கி) 5,000 பவுண்டு இழுக்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. கார் 2,900 பவுண்டுதான். நியூட்ரலில் போட்டுப் பின்னால் கட்டினால் அது பாட்டுக்கு உருண்டு வராதா?" என்று கேட்கிறார்கள்.

உருண்டு வரும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு குறையும் தெரியாது. காரின் எஞ்சின் ஓடவில்லை என்பதால் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது, சத்தம் வந்தாலும் 40 அடி முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குக் கேட்காது. சாயங்காலம் கேம்ப்கிரவுண்டில் காரைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, 'டி'யில் போட்டால் அது நகராது. அப்போதுதான் கியர்பாக்ஸ் போய்விட்டது தெரியவரும். இந்த விஷயத்தில் இறங்குகிற எல்லோரும் "என் மோட்டார்ஹோம் இதை இழுக்குமா?" என்றுதான் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் இழுத்துவிடும். என் கார் இழுபடத் தாங்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நியூட்ரல் ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்ப், எஞ்சின் பக்கத்திலிருந்து சுழல்வது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். ஆனால் சக்கரங்கள் தரையில் உருள்வதால் கியர்பாக்ஸின் பின்பக்கப் பாகங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். சின்னக் காரின் சக்கரம் மணிக்கு 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றுச் சுற்றும். முன்சக்கர இயக்கக் காராக இருந்தால், டிஃபரன்ஷியல் பல்சக்கர விகிதத்தால் பெருகி, உள்ளே இருக்கும் தண்டு அதைப்போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். அத்தனையும் சொட்டு எண்ணெய் அழுத்தம் இல்லாமல். நியூட்ரல் என்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பை மட்டும் அறுக்கிறது. உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அது நிறுத்துவதில்லை.

சி.வி.டி. இன்னும் மோசம். அதில் இரண்டு கப்பிகள், அவற்றுக்கு இடையே ஓர் எஃகுப் பட்டை. எண்ணெய் அழுத்தம்தான் கப்பிகளை நெருக்கி அந்தப் பட்டையைப் பிடித்து வைத்திருக்கிறது. பல சி.வி.டி.களில் நியூட்ரலுக்கான கிளட்ச் கப்பிகளுக்கு முன்னால், எஞ்சின் பக்கம் இருக்கிறது. அதனால் நீங்கள் நியூட்ரலில் போட்டாலும் சக்கரத்தோடு சேர்ந்து கப்பியும் பட்டையும் சுற்றும், பிடிப்பும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல். பட்டை வழுக்கிக் கப்பியில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அந்தக் கியர்பாக்ஸின் கதை முடிந்தது. ஆக, உங்கள் காரை நாலு சக்கரமும் தரையில் இருக்கக் கட்டி இழுக்க நினைக்காதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அப்படியென்றால் எந்தக் கார்தான் இப்படி இழுபடும்? மோட்டார்ஹோம்காரர்கள் பின்னால் வரும் காரைச் செல்லமாக 'டோட்' என்பார்கள். இழுக்கப்படுவது என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் தேரைக்கான சொல்லும் காதில் ஒன்றுபோல விழுவதால் வந்த வேடிக்கைப் பெயர். இந்தத் தேரைகளில் மூத்த ஜாதி கைக்கியர் வண்டிகள். முன்சக்கர இயக்கம் கொண்ட பல கைக்கியர் கார்களில் பெரிய பல்சக்கரம் எண்ணெய்த் தொட்டியில் பாதி முழுகியே இருக்கும். சக்கரம் உருண்டால் அதுவே எண்ணெயை வாரி இறைத்து மற்றவற்றை நனைத்துக்கொள்ளும், பம்ப் தேவையில்லை. 1990களில் சாட்டர்ன் கார்களையும் ஜியோ ட்ராக்கரையும் மோட்டார்ஹோம்களுக்குப் பின்னால் அவ்வளவு பார்க்க முடிந்தது. சாட்டர்ன் பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் 2010-இல் மூடிவிட்டது. கைக்கியர் என்றாலே சரி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சில பின்சக்கர இயக்க வண்டிகளின் கியர்பாக்ஸில் எண்ணெயை இறைக்கும் கீழ்த்தண்டு நியூட்ரலில் சுற்றாமல் நின்றுவிடும். அவையும் கருகும்.

ஹோண்டா சி.ஆர்-வி ஒரு நல்ல பாடம். அதன் பழைய ஆட்டோமேட்டிக், மற்ற நிறுவனங்களுடையதைப் போன்றதல்ல. உள்ளமைப்பில் கைக்கியரைப் போலவே இணைத் தண்டுகள் கொண்டது. அதனால் 2014 மாடல் வரை அதை நாலு சக்கரத்திலும் இழுக்க ஹோண்டாவே அனுமதித்தது. அதற்கு ஒரு சடங்கு உண்டு: எஞ்சினை ஸ்டார்ட் செய்து, 'டி'யில் 5 விநாடி வைத்து, பிறகு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து 3 நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் அணைக்க வேண்டும். மணிக்கு 65 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஒரே நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டினால் சடங்கை மறுபடி செய்ய வேண்டும். 2015-இல் அதே காருக்கு சி.வி.டி. வந்தது, அனுமதி போயிற்று. பெயரும் சாயலும் அதேதான், ஒரே ஆண்டு வித்தியாசம். பழைய சி.ஆர்-வியை இழுத்துப் பழகியவர் புதிதை வாங்கி அதேபோல் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கு அதிகம் தென்படுவது ஜீப் ராங்ளர். அதில் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது, அதற்கென்று தனி நியூட்ரலும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் முன் அச்சு, பின் அச்சு இரண்டுமே கியர்பாக்ஸிலிருந்து கழன்றுவிடும். கியர்பாக்ஸைப் 'பி'யில் வைத்துவிட்டு நிம்மதியாக இழுக்கலாம். பார்க்கிங்கில் இருக்கும் வண்டி உருள்வதை முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது மாயாஜாலம் போலத்தான் இருக்கும். மின்சாரக் கார்களைப் பற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. டெஸ்லாவின் கையேடு நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருந்தால்தான் கொண்டுபோகலாம் என்கிறது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மோட்டார் சுற்றினால் மின்சாரம் பிறக்கும், அது போக இடமில்லாமல் தொல்லை கொடுக்கும்.

எனவே கடைக்காரர் சொன்னார், கேம்ப்கிரவுண்டில் பக்கத்து இடத்துக்காரர் சொன்னார் என்று எதையும் வாங்காதீர்கள். உங்கள் காரின் ஓட்டுநர் கையேட்டில் 'ரிக்ரியேஷனல் டோயிங்' என்ற தலைப்பைத் தேடுங்கள். வண்டி பழுதாகி நின்றால் டோ ட்ரக்கில் எப்படி ஏற்றுவது என்று சொல்லும் பகுதி வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதே மாடலில் ஓர் எஞ்சினுக்குச் சரி, இன்னோர் எஞ்சினுக்குக் கூடாது என்றும் இருக்கும், வரிவரியாகப் படியுங்கள். கூடாது என்றிருந்தால் கூடாதுதான். தனி எண்ணெய் பம்ப் பொருத்தி ஆட்டோமேட்டிக்கை இழுக்கும் ஏற்பாடுகளும் சந்தையில் வந்தன. இழுக்கப்படும் வண்டியில் யாரும் இல்லாதபோது ஒரு குட்டி மோட்டாரை நம்பி கியர்பாக்ஸை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, இப்போது எடைக் கணக்கு. ஹிட்சில் எழுதியிருக்கும் 5,000 என்பது அந்த இரும்பின் தாக்குப்பிடிக்கும் அளவு மட்டுமே. மோட்டார்ஹோமின் கதவு நிலையிலோ ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஜி.வி.டபிள்யூ.ஆர்., வண்டி தன் சுமையோடு அதிகபட்சம் எவ்வளவு கனக்கலாம் என்பது. மற்றது ஜி.சி.டபிள்யூ.ஆர்., வண்டியும் பின்னால் வருவதும் சேர்ந்து எவ்வளவு கனக்கலாம் என்பது. தாளில் இரண்டாவது எண் இல்லையென்றால் சேசிஸின் கையேட்டில் இருக்கும். ஈ-450-க்கு முதலாவது 14,500 பவுண்டு, இரண்டாவது 22,000. மோட்டார்ஹோமை விளிம்பு வரை நிரப்பினாலும் 7,500 பவுண்டு மிஞ்சுகிறது. ஹிட்ச் 5,000 என்பதால் உங்கள் எல்லை 5,000. எந்த எண் சிறியதோ அதுதான் செல்லும்.

எல்லா வண்டியிலும் இப்படித் தாராளமாக இருக்காது. ஃபோர்டின் எஃப்-53 சேசிஸில் கட்டிய பழைய கிளாஸ் ஏ (பேருந்து வடிவப் பெரிய) வண்டிகளில் 22,000-க்கு 26,000 என்ற ஜோடி சகஜம். அங்கேயும் ஹிட்சில் 5,000 என்றே எழுதியிருக்கும், ஆனால் நிரம்பிய வண்டிக்கு மிச்சம் 4,000தான். நாலு கதவு ராங்ளர் அதற்கு மேல் கனக்கும். ஹிட்சை மட்டும் பார்த்தவர் அங்கே ஏமாந்துபோவார்.

நிரம்பிய வண்டி என்று சொன்னேன் அல்லவா, அதை யூகிக்காதீர்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 50 கேலன் தொட்டி நிரம்பினாலே 400 பவுண்டுக்கு மேல். பாத்திரங்கள், நாற்காலிகள், கருவிப்பெட்டி, இரண்டு பேர், ஒரு நாய் என்று எல்லாம் சேரும். பயணத்துக்குப் புறப்படும் கோலத்தில் வண்டியை லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்புக்கு ஓட்டிப்போய் எடைமேடையில் ஏற்றுங்கள். பதினைந்து நிமிட வேலை. கிளாஸ் சி வண்டிக்கு இன்னொன்றும் உண்டு: உடலை நீளமாகக் கட்டுவதற்காக, பின் அச்சுக்கு அப்பால் சட்டத்தை வெல்ட் வைத்து நீட்டியிருப்பார்கள். ஹிட்ச் அந்த நீட்டலில்தான் தொங்குகிறது. கீழே படுத்து அந்த வெல்டில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாலு சக்கரமும் தரையில் இழுப்பதற்கான சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நாளைக்குக் காரை மாற்றினால் உதவும். காரின் முன் பம்பருக்குப் பின்னால் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கும் பேஸ் பிளேட். மோட்டார்ஹோமின் ஹிட்சில் செருகும் டோ பார், அதன் இரண்டு கைகளும் நீண்டு சுருங்கும். புளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர், டெம்கோ ஆகியவை இதில் பழகிய பெயர்கள். டோ பாரின் கீழே குறுக்காகப் போகும் இரண்டு பாதுகாப்பு வடங்கள். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் காரின் பின்னாலும் எரிய ஒரு மின்கம்பி. பேஸ் பிளேட் காருக்குக் கார் வேறுபடும், அதனால் காரை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும். பொருத்தும் கூலியோடு எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் டாலர் ஆகும். ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் பயணம் போகிறவர்கள் போன இடத்தில் வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

டோ பார் தரைக்கு இணையாகக் கிடக்க வேண்டும் என்பதைப் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார்ஹோமின் ஹிட்ச் காரின் பேஸ் பிளேட்டைவிட 3 அங்குலத்துக்கு மேல் உயரமாக இருந்தால், பிரேக் அடிக்கும்போது கார் முன்னால் வந்து டோ பாரைக் கத்தரி போல மேலே தள்ளும், தானும் அடியில் நுழையப் பார்க்கும். இதைச் சரிசெய்ய, இறக்கம் வைத்த ஹிட்ச் இணைப்பு கிடைக்கிறது. இரண்டு வண்டியும் சமதரையில் நிற்கும்போது அளந்து வாங்குங்கள்.

பிரேக்தான் நான் யாரோடும் சமரசம் செய்யாத இடம். "மோட்டார்ஹோம் 14,000 பவுண்டு, கார் 3,000, அதை நிறுத்த முடியாதா?" என்பார்கள். காலி நேர்ச்சாலையில் முடியும். இறக்கத்தில், முன்னால் ஒருவர் திடீரென்று நின்றால், அந்த 3,000 பவுண்டு முதுகில் வந்து இடிக்கும்போது நிற்கும் தூரம் கூடும். வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் 3,000 பவுண்டைத் தாண்டினால் தனிப் பிரேக் வேண்டும் என்கின்றன. இதைவிடக் குறைந்த எடையிலேயே கேட்கும் இடங்களும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் எல்லையைத் தாண்டிப் போகிறவர்கள் கடுமையான விதியைக் கைக்கொள்வதுதான் எளிது.

இதற்கான கருவிகள் இரண்டு விதம். காரின் தரையில் வைத்து பிரேக் பெடலைப் பிடித்து அழுத்தும் பெட்டி ஒன்று, காருக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்துவது மற்றொன்று. பெட்டி வகையில் கவனிக்க வேண்டியது: எஞ்சின் நின்ற காரில் இரண்டொரு தடவை பிரேக் அடித்ததும் பெடலை லேசாக்கும் பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். அந்த நிலையில்தான் பெட்டியை அளவு வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது இருக்கும் இளகிய பெடலில் அளவு வைத்தால் சாலையில் அது போதாது. எந்த வகையானாலும் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு வேண்டும், பின்னால் பிரேக் பிடிக்கும்போது எரிய. நீங்கள் பெடலைத் தொடாதபோதும் அது எரிந்தால் கார் பிரேக்கோடு இழுபட்டு வருகிறது என்று பொருள். இணைப்பு அறுந்து கார் தனியே போனால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பியையும் விட்டுவிடக் கூடாது. அதன் மறுமுனையை டோ பாரில் கட்டாதீர்கள். டோ பாரே கழன்றுபோகும்போது கம்பியும் அதோடு போய்விடும். மோட்டார்ஹோமின் சட்டத்தில் கட்டுங்கள்.

பின்னால் நடப்பது முன்னால் தெரியாது என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். மதியம் ஓய்வுக்கு நிறுத்தினோம். மனைவி ஸ்வெட்டர் எடுக்கக் காரைத் திறந்து, உட்கார்ந்து தேடிவிட்டு, இறங்கும்போது பழக்கதோஷத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் அது நினைவில்லை. புறப்பட்டு இருபது மைல் போயிருப்போம். மோட்டார்ஹோம் கொஞ்சம் சோம்பலாக இருப்பதுபோல் தோன்றியது, எதிர்க்காற்று என்று நினைத்தேன். ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்துப் பின்னால் கையைக் காட்டினார். ஓரங்கட்டி இறங்கியதும் நாற்றம் முதலில் வந்தது, கருகிய ரப்பரும் பிரேக் லைனிங்கும் கலந்த நாற்றம். பின் டயர் இரண்டிலும் ஒரு கை அகலத்துக்குத் தேய்ந்து, நூல் வெளியே தெரிந்தது. பின்சக்கரங்கள் அவ்வப்போது பூட்டியும் உருண்டும் வந்திருக்கின்றன. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் ஒரு சட்டம்: கட்டிய பிறகு யாராவது கார்க் கதவைத் திறந்தால், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஓட்டும்போதெல்லாம் எரியும் ஒரு பின்பக்க கேமராவும், காரின் டயர்களுக்கும் காற்றழுத்த சென்சாரும் வாங்கினேன். நீளமான வண்டியில் சென்சாரின் சிக்னல் முன்னால் எட்டாது, நடுவில் ரிப்பீட்டர் ஒன்று வைக்க வேண்டும்.

பேட்டரியும் கவனம் கேட்கும். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல கார்களில் சாவியை ஒரு படி திருப்பியே வைக்க வேண்டும். ஆறேழு மணி நேரத்தில் அது பேட்டரியைக் குடித்துவிடும். சில கார்களில் ஒரு ஃப்யூஸைக் கழற்றச் சொல்வார்கள். மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் கம்பி இழுத்துவிட்டால் இந்தக் கவலை விடும். பொத்தானிலோ குமிழிலோ கியர் மாற்றும் புதிய கார்களில், பேட்டரி இறங்கினாலும் கதவைத் திறந்தாலும் தானாகப் 'பி'க்குப் போய்விடும் சுபாவம் சிலவற்றுக்கு உண்டு. ஓடும்போது அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று மேலே சொன்ன கதையிலிருந்தே தெரியும்.

இன்னொன்று, கட்டிய வண்டியை ரிவர்ஸ் எடுக்க முடியாது. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். முன்னால் தள்ளினால் ஒழுங்காகப் பின்தொடரும், பின்னால் இழுத்தால் சட்டென்று திரும்பிக்கொள்ளும். காரின் முன்சக்கரங்களும் அப்படித்தான். ரிவர்ஸ் எடுத்த சில அடிகளிலேயே ஒரு பக்கம் முழுதாக மடங்கிக்கொண்டு, கார் குறுக்கே திரும்பி, டோ பாரின் கையை வளைத்துவிடும். சிக்கிக்கொண்டால் கூச்சப்படாமல் இறங்கிக் காரைக் கழற்றுங்கள். பெட்ரோல் பங்கில் நுழையுமுன் வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். லாரிகள் போகும் பங்குகள்தான் நம் நண்பன். கழற்றுவதையும் நேர்கோட்டில் நிறுத்திச் செய்யுங்கள். வளைவில் நிறுத்தினால் கைகளில் இறுக்கம் ஏறி, அவற்றை மாட்டியிருக்கும் ஊசி வெளியே வராது, சுத்தியலைத் தேட வேண்டியிருக்கும்.

கட்டி முடித்ததும் சமதரையில் மெல்ல ஓட்டி, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடமும் வலமும் அசைத்தால் டோ பாரின் கைகள் ஒவ்வொன்றாக நீண்டு 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஒருவர் வெளியே நின்று கவனிக்க வேண்டும்: இரண்டு சத்தமும் கேட்டதா, காரின் நாலு சக்கரமும் உருள்கின்றனவா, முன்சக்கரம் வளைவில் தானாகத் திரும்புகிறதா. பின்சக்கரம் உருளாமல் தரையைத் தேய்த்தால் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் வேக எல்லை 55 மைல், மொத்த நீளம் 65 அடி. உங்கள் 31 அடியும் காரும் சேர்ந்தாலும் ஐம்பதைச் சுற்றித்தான் வரும், நீளம் பிரச்சினை இல்லை. பிரிட்டனில் இப்படி இழுக்கும் காரை டிரெய்லராகவே கருதுகிறார்கள், 750 கிலோவைத் தாண்டினால் வேலைசெய்யும் பிரேக் கட்டாயம். அங்கிருந்து அப்படியே ஸ்பெயினுக்கு ஓட்டிப்போய் அபராதம் கட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவில் சகஜமாக இருப்பது எல்லா நாட்டிலும் செல்லும் என்று நினைக்க வேண்டாம்.

இனி உங்கள் காருக்கு வருவோம். சி.வி.டி. என்பதால் நாலு சக்கரமும் தரையில் என்ற வழி அடைபட்டது. முழுக் காரையும் ஏற்றும் டிரெய்லர் எந்தக் காருக்கும் பொருந்தும், ரிவர்ஸும் எடுக்கலாம். ஆனால் காலி டிரெய்லரே 2,000 பவுண்டு வாக்கில் வரும். 2,900-ஐக் கூட்டினால் 4,900. ஹிட்சின் எல்லைக்கு ஒரு முழம்கூட மிச்சமில்லை. போதாததற்கு டிரெய்லர் தன் எடையில் பத்தில் ஒரு பங்கையாவது ஹிட்சின் மேல் நேராக இறக்கும். கிட்டத்தட்ட 490 பவுண்டு, அதுவும் அந்த வெல்ட் வைத்த நீட்டலின் நுனியில். அது மோட்டார்ஹோமின் சொந்தச் சுமையாகவும் எண்ணப்படும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

மிஞ்சுவது டோ டாலி, இரண்டு சக்கரம் வைத்த குட்டி மேடை. காரின் முன்சக்கரம் இரண்டும் அதன் மேல் ஏறிவிடும், பின்சக்கரங்கள் மட்டும் தரையில் உருளும். உங்கள் கார் முன்சக்கர இயக்கம் என்றால் கியர்பாக்ஸோடு தொடர்புள்ள சக்கரங்கள் தரையைத் தொடவே தொடாது, சி.வி.டி.க்கு ஆபத்தில்லை. டாலி 500 முதல் 700 பவுண்டு, காரோடு சேர்த்தால் 3,600-க்குள். சொந்தப் பிரேக் உள்ள டாலியாக வாங்குங்கள். கார்ச் சக்கரங்களைக் கட்டும் பட்டைகள் ஓட ஓடத் தளரும், முதல் சில மைல்களிலேயே நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும் (யாரிடம் சொல்கிறேன்!). காரின் ஸ்டீயரிங்கைப் பூட்டுவதா விடுவதா என்பது டாலிக்கு டாலி மாறும். மேடை தானே திரும்பும் வகையா இல்லையா என்பதைப் பொறுத்தது, அதன் கையேட்டைப் பாருங்கள். டாலியோடும் ரிவர்ஸ் கிடையாது. கேம்ப்கிரவுண்டில் அதை எங்கே நிறுத்தி வைப்பது என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள், சில சைட்களில் ஒரு வண்டிக்குத்தான் இடம் இருக்கும்.

உங்கள் கார் ஆல் வீல் டிரைவ் என்றால் டாலியும் ஆகாது. முன்சக்கரம் நின்றிருக்கப் பின்சக்கரம் சுழன்றால் நடுவில் இருக்கும் இணைப்பு சூடேறிப் போய்விடும். அந்த நிலையில் காரை மாற்றுவது ஒரு வழி, முதல் ஒரு வருடத்துக்கு ஒருவர் மோட்டார்ஹோமையும் மற்றவர் காரையும் ஓட்டிப்போவது இன்னொரு வழி. அப்படிப் போகும் தம்பதிகளும் இருக்கிறார்கள். கார் எந்த ஆண்டு மாடல், எத்தனை சக்கர இயக்கம், எடைமேடையில் மோட்டார்ஹோமின் முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே எவ்வளவு காட்டின என்று எழுதினால் மீதிக் கணக்கையும் போட்டுச் சொல்கிறேன்.